மின்விசிறியின் ஒரு நொடி

கல்கத்தாவின் பெஹாலாவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற கப்பல் என்ஜினியர் ஒருவர் குடியிருந்தார். பக்கத்துத் தாராதலாவில் இருக்கும் மரைன் என்ஜினியரிங் கல்லூரியில் படித்து, வாழ்நாளில் பாதியைக் கப்பலின் அடிவயிற்றில் என்ஜின் இரைச்சலுக்கு நடுவே கழித்தவர். நான் அவரைக் காக்கூ என்று கூப்பிடுவேன். வங்காளிகளுக்குச் சித்தப்பா முறை.

ஒரு மார்ச் மாதக் காலையில் காக்கூ மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் ஒரு டைவர் வாட்ச். துர்கா பூஜைக்கு வந்த மகன் பரிசாகக் கொடுத்தது. கறுப்பு டயல், தடித்த முட்கள், சுற்றிலும் பல் வைத்த வளையம், டயலின் அடிப்பக்கம் 200 மீட்டர் என்ற எழுத்து. வாட்ச் நின்றுபோயிருந்தது.

“பேட்டரியே மாத்த வேண்டாம், வெளிச்சத்துல ஓடும்னு சொல்லித்தான் பையன் குடுத்தான் தம்பி. ஆறு மாசம்கூட ஆகல, செத்துப்போச்சு.”

“எங்கே வெச்சிருந்தீங்க காக்கூ?”

“பத்திரமாத்தான் வெச்சிருந்தேன். பூஜை நாலு நாளும் கட்டினேன். அப்புறம் துணியில சுத்தி பீரோ லாக்கர்ல.”

ஒளியில் ஓடும் கைக்கடிகாரங்களில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை பழுதாகி நிற்பதில்லை, பத்திரப்படுத்தப்பட்டு நிற்கின்றன. எவ்வளவு விலை கூடிய வாட்ச்சோ அவ்வளவு ஆழமான இருட்டில் அதைப் பூட்டிவைக்கிறோம். நகைக்கு அது சரி. வெளிச்சத்தைத் தின்று வாழும் ஒன்றுக்கு அது பட்டினி.

எத்தனை நாள் பட்டினி தாங்கும் என்பதைப் பார்க்கும் முன், அதன் பசி எவ்வளவு என்று தெரிந்துகொள்வோம். குவார்ட்ஸ் கடிகாரத்தின் உள்ளே இசைக்கவை வடிவில் ஒரு சின்னஞ்சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஒன்றை இரண்டால் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது. ஒரு சில்லு அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். அந்தத் துடிப்பு ஒரு குட்டி மோட்டாரைத் தட்ட, வினாடி முள் ஒரு கோடு நகரும். இத்தனைக்கும் சேர்த்துச் செலவாகும் மின்திறன் ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அல்லது ஒன்றரைப் பங்கு. நாள் முழுக்க ஓடினால் சுமார் 0.13 ஜூல். வருஷத்துக்கு 47 ஜூல் அளவுதான்.

ஜூல் என்றால் மனதில் எதுவும் நிற்காது. தலைக்கு மேலே ஓடும் பழைய 70 வாட் சீலிங் ஃபேனைப் பாருங்கள். அது ஒரு நொடியில் 70 ஜூல் செலவழிக்கிறது. நம் வாட்ச்சின் ஒரு வருஷச் செலவு, அந்த விசிறி ஒரு நொடி சுற்றுவதைவிடக் குறைவு. கல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில் இரவு முழுக்க விசிறி ஓட்டிய எவருக்கும் இந்தக் கணக்கின் அற்பத்தனம் புரியும். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே பசி எறும்பினுடையது. ஒரு பொரியே வருஷக்கணக்கில் வரும்.

அந்தப் பொரியை வெளிச்சத்திலிருந்து பொறுக்கி எடுப்பது டயலுக்கு அடியில் இருக்கும் சூரியமின்கலம். பெஹாலாவில் உட்கார்ந்து இதை எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. ஒளி பட்டால் ஒரு பொருளில் மின்சாரம் அசையும் என்ற கதையில் கல்கத்தாவுக்குப் பழைய பங்கு இருக்கிறது. பிரசிடென்சி கல்லூரியின் ஜகதீஷ் சந்திர போஸ் கலீனா என்ற ஈயத் தாதுவின் படிகத்தை வைத்து ஒரு உணர்கருவி செய்தார். 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற அது, குறைகடத்திச் சாதனம் ஒன்றுக்கு உலகில் கிடைத்த முதல் காப்புரிமை என்று எண்ணப்படுகிறது. வானொலி அலையை உணர்ந்த அதே படிகம் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உணர்ந்தது. அந்த வரிசையில் அரை நூற்றாண்டு கழித்து, 1954-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சிலிக்கன் சூரியமின்கலம் வந்தது.

ஆனால் கூரை மேல் பதிக்கும் அந்தப் படிகச் சிலிக்கன் இன்றைய வாட்ச்சுகளுக்கு அவ்வளவு தோதுப்படாது. வாட்ச்சுக்கு வேண்டியது வீட்டுக்குள் இருக்கும் மங்கிய வெளிச்சத்திலும் வேலை செய்யும் ஒன்று. அதற்கு வந்ததுதான் படிக ஒழுங்கில்லாத சிலிக்கன். படிகத்தில் அணுக்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கும். இதில் சந்தைக் கூட்டம் மாதிரி கலைந்து கிடக்கும். கலைந்து கிடப்பதே இதற்குச் சாதகம். படிகச் சிலிக்கன் மனிதக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் வாரிக்கொள்ளும். இதுவோ கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு நின்றுகொண்டு, அதை மட்டும் நன்றாக உறிஞ்சும். டியூப்லைட்டும் எல்.இ.டி.யும் தருவது அந்த ஒளியைத்தான். அதோடு இதன் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன் இருந்தால் போதும். 1976-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் கார்ல்சனும் விரான்ஸ்கியும் இதில் முதல் சூரியமின்கலத்தைச் செய்து காட்டினார்கள். அடுத்த வருஷமே இதன் நோயும் தெரிந்தது: தொடர்ந்து வெளிச்சம் பட்டால் கலத்தின் திறன் கொஞ்சம் குறைந்து, பிறகு ஒரு நிலையில் நிற்கிறது. ஒளியைத் தின்னப் பிறந்ததற்கு ஒளியே சலிப்பைத் தருகிறது. அந்தச் சரிவையும் கணக்கில் வைத்துத்தான் கலத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

பெஹாலாவுக்குக் கிழக்கே ஆறேழு கிலோமீட்டரில் ஜாதவ்பூர். அங்கே இருக்கும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், 1980கள் தொட்டே ஏ. கே. பருவாவும் அவருடைய குழுவினரும் இதே ஒழுங்கற்ற சிலிக்கனைப் படலமாகப் படியவைத்து ஆராய்ந்தவர்கள். 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய அந்தக் கழகம் தமிழர்களுக்கு வேறொரு காரணத்தால் பழக்கமானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதே 1976-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் முட்கள் கொண்ட குவார்ட்ஸ் வாட்ச் ஒன்றை ஒளியில் ஓடவைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் சூரியமின்கலம் டயலின் மேலேயே பளிச்சென்று தெரியும். இன்றைய வாட்ச்சுகளில் கலம் டயலுக்கு அடியில் ஒளிந்துகொண்டுவிட்டது. டயல் பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் கொஞ்சம் வெளிச்சத்தைக் கசியவிடும் பொருளால் ஆனது. மஸ்லின் திரைக்குப் பின்னால் நிற்பவருக்கு வெளியே நடப்பது தெரிகிற மாதிரி. நம் ஓசூரில் தமிழக அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனும் 2010களின் தொடக்கத்தில் ஒளியில் ஓடும் வாட்ச்சுகளை எச்.டி.எஸ்.இ. என்ற பெயரில் கொண்டுவந்தது. அவை டைவர் வாட்ச்சுகள் அல்ல. ஆண்களுக்கான டைவர் வாட்ச்சில் ஒரு வசதி உண்டு: 42, 44 மில்லிமீட்டர் அகல உடம்பு. டயல் பெரிதானால் தட்டு பெரிது, சாப்பாடும் கூட. மறுபக்கம், இருட்டில் படிக்க வேண்டும் என்பதற்காக அதே டயலில் தடித்த குறிகளை வைத்துக் கொஞ்சம் வெளிச்சத்தை மறைத்தும் விடுகிறார்கள்.

இனி காக்கூவின் பீரோவுக்கு வருவோம். பிடிபட்ட மின்சாரம் நாணய அளவுள்ள ஒரு ரீசார்ஜ் பேட்டரியில் சேர்கிறது. பேட்டரியே இல்லாத வாட்ச் என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. மாற்றத் தேவையில்லாத பேட்டரி என்று சொல்லியிருக்க வேண்டும். முழுதாக நிரம்பியிருந்தால், ரகத்தைப் பொறுத்து ஆறு மாதம் முதல் பத்து மாதம் வரை இருட்டில் ஓடும். காக்கூ நான்கு நாள் பந்தல் பந்தலாகச் சுற்றியது பெரும்பாலும் ராத்திரியில். கடையின் அட்டைப் பெட்டியிலிருந்து வந்த வாட்ச் நிரம்பாத வயிற்றோடு நேராக லாக்கருக்குப் போயிருக்கிறது.

“அப்போ வீட்டுக்குள்ளயே மேஜை மேல வெச்சிருந்தா போதுமா? டியூப்லைட் எரியுதே” என்றார் அவர். நியாயமான கேள்வி. இங்கேதான் நம் கண்ணே நமக்குப் பொய்சாட்சி சொல்கிறது.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறோம். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். மேகம் மூடிய பகல் பத்தாயிரம். நல்ல ஆபீஸ் மேஜை ஐந்நூறு. இரவில் நம் வரவேற்பறை நூறோ நூற்றைம்பதோ. முழு நிலவு கால் லக்ஸ் அளவுதான். வெயிலுக்கும் வரவேற்பறைக்கும் ஆயிரம் மடங்கு வரை வித்தியாசம் இருக்கிறது. ஆனால் வாசலிலிருந்து உள்ளே வந்தால் ஒரு நிமிடம் கண் மங்குகிறது, அவ்வளவுதான். பிறகு எல்லாம் வெளிச்சமாகவே தெரிகிறது. கண்பாவை விரிந்து, விழித்திரை தன் உணர்வைக் கூட்டிக்கொண்டு, ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை ஏதோ இரண்டு மூன்று மடங்கு மாதிரி நமக்குக் காட்டுகிறது. சூரியமின்கலத்துக்கு இந்தத் தாராளம் தெரியாது. வந்த ஒளித்துகளுக்குத் தக்கபடிதான் மின்சாரம்.

வெயிலில் இரண்டு மூன்று நிமிடம் காட்டினால் ஒரு நாள் ஓட்டத்துக்கான சார்ஜ் ஏறிவிடும். மேகமூட்டத்தில் பத்து நிமிடம் பிடிக்கும். ஆபீஸ் விளக்கில் இரண்டு மணிநேரத்துக்கு மேல், சில ரகங்களில் நான்கு மணிநேரம்கூட ஆகும். வீட்டு விளக்கில் நாள் முழுக்க வைத்தாலும் அன்றன்றைய செலவுக்கே இழுபறி. பேட்டரி நிரம்புவதெல்லாம் நடக்காது. கூலி வாங்கி அன்றே அரிசி வாங்கும் குடும்பம் மாதிரி, ஒரு நாள் தவறினால் உலை இல்லை.

டைமண்ட் ஹார்பர் சாலையில் இதை நான் ஒரு லக்ஸ் மீட்டரை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். 2022 டிசம்பர் 30 அன்று ஜோக்கா–தாராதலா மெட்ரோ தொடங்கிவைக்கப்பட்டது. அதைத் தாங்கும் கான்கிரீட் மேம்பாலம் இந்தச் சாலைக்குக் குடை பிடித்த மாதிரி நிற்கிறது. பெஹாலா சௌரஸ்தாவில் அதன் அடியில் நின்றால் இருட்டடித்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. பகல் பதினொரு மணிக்கு அந்த நிழலில் மீட்டர் சில ஆயிரம் லக்ஸ் காட்டியது. அங்கிருந்து நேரே போய், பளபளவென்று விளக்கு போட்ட ஒரு துணிக்கடைக்குள் நின்றேன். அறுநூற்றுச் சொச்சம். வாட்ச்சைக் கேட்டால் பாலத்தடி இருட்டில் நிற்கத்தான் விரும்பும்.

பருவமழை பற்றியும் பயப்பட வேண்டாம். ஆஷாட மேகம் வாரக்கணக்கில் மூடினாலும் வெளியே நடமாடும் கைக்குப் பல ஆயிரம் லக்ஸ் கிடைத்துக்கொண்டே இருக்கும். பெஹாலாவின் தெருக்களில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் அந்த நாட்கள்தான், இங்கே பலருடைய டைவர் வாட்ச்சுக்கு வாழ்நாளில் வாய்க்கும் ஆழமும்கூட.

உண்மையான எதிரி குளிர்காலம். வெயிலின் குறை அதற்குக் காரணம் அல்ல. டிசம்பர் நண்பகலிலும் இங்கே சூரியன் வானில் பாதி உயரத்துக்கு ஏறி நிற்கிறது. குற்றவாளி ஸ்வெட்டர். தெர்மாமீட்டர் இருபதுக்குக் கீழே இறங்கியதும் குரங்குக் குல்லாயும் முழுக்கைக் கம்பளியும் வெளியே வந்துவிடும். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தாலும் ஊரே போட்டுக்கொள்ளும். கம்பளிக் கைக்குள் வாட்ச் இரண்டு மாதம் கிடக்கிறது. ஆபீஸ் முடிந்து வெளியே வருவதற்குள் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்திருக்கும். கையில் கட்டியிருக்கிறோமே என்ற நம்பிக்கையில் யாரும் கவனிப்பதில்லை. பீரோவும் ஸ்வெட்டரும் ஒன்றுதான்.

நல்ல வேளை, வாட்ச் சாகும் முன் சைகை காட்டும். வினாடி முள் ஒவ்வொரு கோடாக நகர்வதை விட்டுவிட்டு, இரண்டு வினாடிக்கு ஒருமுறை இரண்டு கோட்டைத் தாண்டிக் குதிக்கும். நேரம் அப்போதும் சரியாகவே இருக்கும். பலர் இதைக் கோளாறு என்று நினைத்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அப்படி நான் ஒருமுறை எடுத்துப்போன கடையில் பின்மூடியைத் திறந்து, ரீசார்ஜ் பேட்டரியைக் கழற்றி, சாதாரண வெள்ளி ஆக்சைடு பேட்டரி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். சார்ஜ் ஏற்றக் கூடாத பேட்டரிக்குள் சூரியமின்கலம் மின்சாரத்தைத் திணித்தால் அது கசியும், வெடிக்கவும் கூடும். தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கையேட்டில் எச்சரிப்பது இது. என் வாட்ச்சில் கசிந்தது. எந்திரமே போயிற்று.

டைவர் வாட்ச்சும் ஒளி சார்ஜும் ஜோடி சேர்ந்ததன் நியாயமும் இங்கேதான் இருக்கிறது. சாதாரண குவார்ட்ஸ் வாட்ச்சில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற மூடியைத் திறந்தாக வேண்டும். ஒவ்வொரு திறப்பிலும் ரப்பர் வளையம் நசுங்கலாம், தூசி ஒட்டலாம், கல்கத்தாவின் ஈரக்காற்று உள்ளே புகுந்து கண்ணாடிக்கு அடியில் பனி படர்த்தலாம். மூடியைத் திறக்கவே வேண்டாம் என்பது முக்குளிப்பவருக்குப் பெரிய நிம்மதி.

டைவர் வாட்ச் என்று எழுதிக்கொள்ள ஐ.எஸ்.ஓ. 6425 என்ற சர்வதேசத் தரம் உண்டு. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். எழுதிய ஆழத்தைவிடக் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். 200 மீட்டர் என்றால் 25 பார், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 25 மடங்கு. சுற்றியுள்ள வளையம் தவறிச் சுழலாதபடி இருக்க வேண்டும்; பெரும்பாலான வாட்ச்சுகளில் அது ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். தப்பித் தவறித் திரும்பினாலும் தண்ணீருக்குள் இருந்த நேரம் அதிகமாகக் காட்டும், குறைத்துக் காட்டாது. எனக்குப் பிடித்தது இன்னொரு விதி: கும்மிருட்டில், 25 சென்டிமீட்டர் தூரத்தில், வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வினாடி முள்ளில் ஒளிரும் பொட்டு வைப்பது அதற்காக.

அந்தப் பொட்டைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. ராத்திரி பச்சையாக ஒளிர்கிறதே, அப்போ சார்ஜ் இருக்கிறது என்று நினைக்கிறோம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. முட்களில் பூசுவது ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்ற பொருள். வெளிச்சத்தை நேரடியாகக் குடித்து மணிக்கணக்கில் கசியவிடும். பேட்டரி காலியாகி நின்ற வாட்ச்சின் முட்களும் டார்ச் வெளிச்சம் பட்டால் ஜம்மென்று ஒளிரும். செத்தவன் முகத்தில் பவுடர் மாதிரி.

இப்போது அந்த 200 மீட்டர். கடலில் இறங்க இறங்க ஒளி எப்படி அடங்குகிறது என்று யோசித்தால் ஜாதவ்பூர் கழகத்தின் தமிழர் நினைவுக்கு வருவார். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தார். ஆபீஸ் போக மிச்ச நேரத்தில் அந்தக் கழகத்தில், அப்போது பௌபஜார் தெருவில் இருந்த கட்டடத்தில், ஆராய்ச்சி செய்தார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து நார்க்குண்டா கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை நிறுத்திவைத்தது. வானத்தின் பிரதிபலிப்பே கடலின் நீலம் என்பது அன்றைய விளக்கம். நிக்கோல் பட்டகம் ஒன்றை வைத்து அந்தப் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். நீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதும் அந்த நீலத்துக்கு ஒரு காரணம். தெளிந்த கடலிலும் முதல் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் சிவப்பு கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். இந்தக் கேள்வியின் தொடர்ச்சியில்தான் ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியையே கருவிக்குள் செலுத்திச் சோதனைகள் செய்து, 1928 பிப்ரவரியில் ராமன் விளைவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கடலியலார் 200 மீட்டரைச் சூரியஒளி மண்டலத்தின் அடிக்கோடாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே தாவரம் உணவு சமைக்கும் அளவுக்கு ஒளி கிடையாது. வாட்ச்சில் எழுதிய எண்ணும் இதுவும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். வாட்ச் கரையிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டு இறங்க வேண்டியதுதான். ஹூக்ளியில் இறங்குவதானால் ஆழமே வேண்டாம். அந்த வண்டல் நீரில் கை மூழ்கும் ஆழத்திலேயே டயல் தெரியாது.

காக்கூவின் வாட்ச்சைக் கிழக்கு ஜன்னலில் வைத்தோம். மொட்டைமாடி வெயிலில் காய வைக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். கோடை வெயிலில் கறுப்பு டயலும் இரும்பு உடம்பும் சட்டென்று கொதித்துவிடும். அறுபது டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகக் கையேடுகள் சொல்லும் எல்லை. பேட்டரி, எண்ணெய், ரப்பர் வளையம் எல்லாமே சூட்டுக்குப் பயந்தவை. காரின் டேஷ்போர்டும் குண்டு பல்பின் அடியும் அதனால்தான் ஆகாது. குண்டு பல்பு தருவதில் பெரும்பகுதி வெப்பம், கலத்துக்குப் பிடித்த ஒளி சொற்பம். காலை வெயில்தான் தோது. கல்கத்தா கிழக்கே இருப்பதால் இங்கே ஏழு மணி வெயில் கிட்டத்தட்டச் சென்னையின் ஏழரை மணி வெயில். அதிகம் சார்ஜ் ஏறிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். நிரம்பியதும் நிறுத்திக்கொள்ளும் சுற்று உள்ளேயே இருக்கிறது.

பத்து நிமிடத்தில் வினாடி முள் இரண்டிரண்டு கோடாகக் குதிக்க ஆரம்பித்தது. காக்கூ உடனே எடுத்துக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்த நோயாளியை மாடியேறச் சொல்வதா? ஒரு வாரம் தினமும் காலையில் ஜன்னலில் வைக்கச் சொன்னேன். நேரத்தையும் தேதியையும் வைத்துவிட்டு, பக்கவாட்டுத் திருகை முழுக்க உள்ளே முறுக்கினோம். அதைத் திறந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினால் 200 மீட்டர் என்ற எழுத்துக்கு மதிப்பில்லை.

உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒன்று இருந்தால், இன்றைக்கே எடுத்து ஜன்னலோரம் வையுங்கள். வெறும் வயிற்றோடு வருஷக்கணக்கில் கிடந்த ரீசார்ஜ் பேட்டரி எல்லா நேரமும் மீண்டு வருவதில்லை. காக்கூவின் வாட்ச் மீண்டது. இப்போது அது அவர் சமையலறை ஜன்னல் ஆணியில், அஞ்சறைப் பெட்டிக்கு மேலே தொங்குகிறது.